கச்சான் காற்று ஏன் சுடுகிறது

லண்டனிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தபோது எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மெல்லிய கைநூல் இருந்தது. விமானிப் பரீட்சைக்கு வீட்டிலிருந்தே படிப்பவர்களுக்கான புத்திமதிகள். அமைதியான ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். படிக்கும் நேரத்தில் உங்களைக் குழப்பக் கூடாது என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மூளை களைத்துப்போனால் வெளியே போய்க் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு வாருங்கள்.

நடந்துவிட்டு வருவதாம்! திருகோணமலையில்! பிறகு வந்த காலத்தில், நகரத்து முகாமிலிருந்து குடாவுக்கு மேலால் மூதூர்ப் பக்கம் ஷெல் அடித்து எங்கள் வீட்டு ஓடுகள் கடகடத்தபோதெல்லாம் அந்தக் கைநூலை எழுதியவனை நினைத்துக்கொள்வேன். அவன் நல்லவனாகத்தான் இருந்திருப்பான். அவனுடைய ஊரில் அறைகள் அமைதியாக இருந்திருக்கும். அதற்காக அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் குறையவில்லை. யார்மேலாவது ஆத்திரப்பட வேண்டியிருந்தது. அவன் தூரத்தில் இருந்தான், திருப்பிப் பேசமாட்டான்.

பெட்டி வந்தது சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில். செக்பொயின்றுகளில் மண்மூட்டைகள் அடுக்கியபடி இருந்தாலும் ஆட்கள் சிரித்துக் கதைத்தார்கள். நிலாவெளிக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர் திரும்ப வந்தார்கள். வெளிநாட்டில் இருந்த சொந்தக்காரர்கள் சூட்கேஸ்களோடு வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவர்தான் அம்மாவின் தம்பி, என் மாமா. உயர்தரத்தில் கணிதம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் கிடைக்காமல் வீட்டில் இருந்த என்னைப் பார்த்து, "என்ன செய்யிறதா யோசனை?" என்று கேட்டார். எல்லாரும் கேட்கிற கேள்வி. எனக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கேள்வி. "பிளேன் ஓட்டப் போறன்" என்று வெடுக்கென்று சொன்னேன்.

வெறும் கோபத்தில் சொன்னது என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். அது அப்படியில்லை. எங்கள் வீடு உட்துறைமுகத்துக்குக் கிட்ட. முற்றத்தில் நின்றால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் சீனக்குடாவில் விமானம் இறங்குவது தெரியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதை எதிர்த்துத்தான் அது இறங்கும் என்று யாரும் சொல்லித்தராமலே நான் சின்ன வயதில் கண்டுபிடித்து வைத்திருந்தேன். மாமா சிரிக்கவில்லை. "அங்க எங்கட பெட்டையள் ஓட்டுதுகள்தான்" என்றார். "பறக்கிறதை லண்டனுக்கு வந்து பழகலாம், அது என்ர பொறுப்பு. ஆனா முதலில தியறிப் பாடம் முழுக்க இங்க இருந்து பாஸ் பண்ணு. ஒரு தாள் குறைஞ்சாலும் என்னட்டக் கேக்கப்படாது."

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் என் வாழ்க்கை முழுவதையும் கொண்டுபோய்க் கட்டினேன். புத்தகங்களும் குறுந்தட்டுகளும் லண்டனிலிருந்து வரும், பரீட்சை கொழும்பில். குறித்த காலத்துக்குள் எல்லாத் தாள்களையும் தாண்ட வேண்டும். கடைசித் தாள் தவறிக் காலம் முடிந்தால் முன்னம் பாஸ் பண்ணியவையும் செல்லாது. படிக்கத் தொடங்கும்போது அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. காலம் எங்களுடையது என்று நினைத்தோம்.

ஊர்வாய் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அம்மாவிடம், "கூரை ஏறிக் கோழி பிடிக்க ஏலாதவள் வானம் ஏறி வைகுண்டம் போறாளாம்" என்றா. நான் கேட்கட்டும் என்றுதான் சொன்னா. "உங்கட கோழி எங்கட கூரையிலதான் எந்த நாளும் நிக்குது, வந்து பிடியுங்கோவன்" என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். அம்மா என்னை ஏசினா. ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாதாம். வாய் இல்லாதவர்கள் எல்லாம் எங்கே நன்றாயிருந்தார்கள் என்று கேட்டேன், அதற்கும் ஏச்சு.

அண்ணாதான் ஒன்றும் சொல்லாதவன். சொல்லாதவன் என்றால் ஏசாதவன், பகிடி பண்ணாத நாள் கிடையாது. அவன் ஓட்டோ ஓடினான். காலையில் வண்டியைத் தட்டியெழுப்பும்போது என் அறை யன்னலைப் பார்த்து, "கப்டன், இண்டைக்குக் காத்து எந்தப் பக்கம்? பறக்கலாமோ?" என்பான். என்னை நெற் கஃபேக்கு ஏற்றிக்கொண்டு போவதும் அவன்தான், கொழும்பு பஸ்ஸுக்கு விடுவதும் அவன்தான். லண்டனில் இருந்த ஆசிரியருக்கு நான் பயிற்சித் தாள்களை அனுப்பி முடிக்கும்வரை வாசலில் ஓட்டோவுக்குள் படுத்துக் குறட்டை விடுவான். என் பாடங்களில் ஓர் எழுத்துக்கூட அவனுக்கு வேண்டியதில்லை. நான் பாஸ் பண்ணிவிட்டு வந்தால் ஓட்டோ ஸ்ராண்டில் நிற்கிற எல்லா ஓட்டோக்காரருக்கும் பால் விடாத பிளேன்ரீ வாங்கிக் கொடுப்பான்.

வானிலைப் பாடத்தில் மலைக்காற்று என்று ஓர் அத்தியாயம் வந்தது. ஈரக் காற்று மலையின் ஒரு பக்கம் ஏறும், ஏறும்போது குளிர்ந்து மழையை அங்கேயே கொட்டிவிடும். ஈரத்தை இழந்த காற்று மறுபக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகும். அதுதான் மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களைப் போட்டு வறுக்கும். வாசித்துக்கொண்டு போன நான் எழும்பி நின்றுவிட்டேன். இது எங்கட கச்சான் அல்லவா! ஆனி ஆடியில் எங்கள் தோலை உரிக்கிற கச்சான் காற்று! அந்தப் பக்கம் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு எங்களிடம் வந்து சுடுகிறது. வெள்ளைக்காரனின் புத்தகத்தில் எங்கள் ஊர்க் காற்று! பக்க ஓரத்தில் பென்சிலால் தமிழில் "கச்சான்" என்று எழுதிவிட்டு வெளியே ஓடினேன்.

அண்ணா ஓட்டோ கழுவிக்கொண்டிருந்தான். அவனுடைய வாளியைப் பறித்துக் கவிழ்த்து வைத்து, இதுதான் மலை, இந்தப் பக்கத்தால் காற்று ஏறுது, பார், என்று தொடங்கினேன். அவன் பாதியிலேயே கொட்டாவி விட்டான். "காத்து எண்டா சுடும்தானே. விடடி விசரி, வாளியைத் தா" என்றான். எனக்கு வந்த கோபத்தில் மிச்சத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினேன். அவன் சிரித்தான். அந்த நேரம் நானும் சிரித்தேன்.

பிறகு சண்டை திரும்ப வந்தது. வந்த விதத்தை நான் சொல்லப்போவதில்லை. ஆளாளுக்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள், அதை அவர்களே சொல்லிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்தது, வெருகல் பக்கமிருந்தும் ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்தும் சனம் ஓடுகிற செய்தி வந்துகொண்டே இருந்தது. கொழும்புக்குப் போகச் சோதனைக்காக நாலு இடத்தில் இறங்கி ஏற வேண்டியதாயிற்று. நெற் கஃபேயில் அடையாள அட்டையைக் கொடுத்துப் பதிந்தால்தான் கதிரையில் இருக்க விட்டார்கள். கரண்ட் போகும், வரும். எல்லாத் தாள்களும் முடிந்து இரண்டே இரண்டுதான் மிச்சம், வழிசெலுத்தலும் வானிலையும். அந்த இரண்டையும் எழுதினால் மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும், நான் இந்த ஊரை விட்டு எழும்பிவிடுவேன்.

இதற்குள் வானத்திலும் சனியன் பிடித்தது. ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கத்திடம் சின்ன விமானம் இருக்கிறது, அது வந்து குண்டு போட்டுவிட்டுப் போகிறது என்றார்கள். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு அது வருகிற இரவுகளில் ஊர் முழுவதும் விளக்கை அணைத்துவிட்டுத் துறைமுகத்திலிருந்து மேலே சுட்டார்கள், நம்ப வேண்டியதாயிற்று. அடுத்த நாள் காலையில் சிலருடைய முகத்தில் ஒரு புளுகம், ஒரு சந்தோஷம் இருந்தது. பக்கத்து வீட்டு அன்ரி, "எங்கட ஆக்களும் விட்டிட்டாங்களெல்லோ!" என்று கிசுகிசுத்தா. நான் மனதுக்குள் ஏசினேன். அறுவாங்களே, என்ர பாடத்தில இருந்ததை எடுத்து உதுக்கோ பாவிச்சீங்கள்! இந்த ஊரில் விமானம் என்ற சொல்லையே இனி வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பண்ணிவிட்டார்களே என்ற கோபம்.

அப்பா துறைமுகக் கந்தோரில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர், பயந்த மனிதர். கேட்கிறவர்களுக்கெல்லாம் "பிள்ளை கொம்பியூட்டர் கோர்ஸ் செய்யுது" என்று சொல்லத் தொடங்கினார். அண்ணாவும் யன்னலைப் பார்த்துக் கப்டன் என்று கூப்பிடுவதை நிறுத்தினான். ஒரு நாள் சைக்கிளில் இயக்கத்துப் பெடியன் ஒருவன் வந்தான். மிகவும் மரியாதையாக, "அக்கா படிக்கிறது நல்ல விசயம், எங்களுக்கும் பிரயோசனப்படும்" என்று சொன்னான். அப்பா அவனிடமும் கொம்பியூட்டர் கதையையே சொல்லிச் சமாளித்தார். அவன் போன பிறகு அப்பா வாசல் கதவைப் பூட்டினார். நீயும் வேண்டாம், ஆமிக்காரனும் வேண்டாம், என்னைப் படிக்க விடுங்கோடா என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. யாரிடம் போய்க் கத்துகிறது?

இப்படி ஒளித்து ஒளித்துப் படித்துக் கடைசி இரண்டு தாளுக்கும் திகதி வந்தது. அடுத்த கிழமை கொழும்பில். அதைத் தவறவிட்டால் காலம் முடிந்துவிடும், எல்லாம் அழிந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தானா நவராத்திரி வர வேண்டும்!

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களைச் சாமியறையில் வைத்தால் விஜயதசமி விடியும்வரை தொடக்கூடாது. அம்மா இதில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்கமாட்டா. "அம்மா, எனக்கு அடுத்த கிழமை சோதினை" என்றேன். "அதுக்குத்தான் சொல்லுறன். புத்தகத்தை வைச்சா உன்ர மூளை கழண்டு விழாது. அவ தந்தாத்தான் உனக்குப் படிப்பு." நான் கத்தினேன், அம்மா அதைவிட உரத்துக் கத்தினா, கடைசியில் அப்பா வந்து, "கொண்டுபோய் வை பிள்ளை, ஒரு நிம்மதிக்கு" என்றார். வைத்தேன். வைத்தது போதாதென்று, நான் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் ஒளித்திருந்த விமானப் பாதை வரைபடத்தையும் அம்மா இழுத்தெடுத்தா. எங்கேயோ வடஐரோப்பாவின் படம் அது, பயிற்சிக்காகத் தந்தது. "இதுதானே பெரிய படிப்பு, இதை ஏன் ஒளிக்கிறாய்?"

"சரி, மடிச்சு வையுங்கோ" என்றேன்.

"மடிச்சு வைச்சா அவவுக்கு என்னெண்டு தெரியும்?" என்று சொல்லிவிட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அதை விரித்து அதற்கு மேல் புத்தகங்களை ஓரமாக அடுக்கினா. சந்தனத்தைக் குழைத்து நாலு மூலையிலும் பொட்டு வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு நிறைவுக்காக, நடுவிலும் ஒரு பெரிய பொட்டு வைத்தா. எந்தத் தாய் செய்யமாட்டாள்? தன் பிள்ளை பாஸ் பண்ண வேண்டும் என்று வைத்த பொட்டு அது. எனக்கு இன்றுவரைக்கும் அம்மாவை ஏச மனம் வரவில்லை, ஏசாமல் இருக்கவும் முடியவில்லை.

அடுத்த நாள் காலை ஆமி எங்கள் வட்டாரத்தைச் சுற்றிவளைத்தது. எங்கள் வீட்டுக்கு ஓர் இளம் அதிகாரியும் சில ஆமிக்காரரும் வந்தார்கள். அந்த அதிகாரி கெட்டவன்போல் தெரியவில்லை. சாமியறை வாசலில் சப்பாத்தோடு நின்றவன், சரஸ்வதியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து கும்பிட்டான். சிங்களவரிலும் அவவைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்தானே. குனிந்தபோதுதான் வரைபடத்தைக் கண்டான். அவன் சாமி கும்பிடாதவனாக இருந்திருந்தால் எங்கள் கதை வேறு.

"மே மொகத்த?" என்றான். இது என்ன?

அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தையும் தமிழையும் கலந்து, பொட்டு, சேர், சாமிப் பொட்டு, பிள்ளையின்ர படிப்புக்கு வைச்சது, என்றா. அவன் மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு விரலை நடுவில் வைத்தான். பொட்டு ஏதோ ஒரு நகரத்தின் விமான நிலைய அடையாளத்துக்கு மேல் சரியாக விழுந்திருந்தது. அரைகுறைத் தமிழில் கேட்டான்: "மூலையில இருக்கிறது சாமி. சரி. நடுவில இருக்கிறது என்ன?"

அதுவும் சாமிதான் சேர், என்றா அம்மா. எந்த நாட்டுப் படம் என்று பார்க்க அவனுக்குப் பொறுமை இல்லை. ஓடுபாதை அடையாளம் இருந்தது, அதன்மேல் சிவப்புப் புள்ளி இருந்தது, வீடு தமிழ் வீடு, வானத்தில் விமானம் வருகிற காலம். போதாதா? ஒரு ஆமிக்காரன் என்னுடைய வட்டக் கணிப்பானை எடுத்துத் திருகிப் பார்த்தான். காற்றையும் வேகத்தையும் வைத்துத் திசை கண்டுபிடிக்கிற பிளாஸ்ரிக் தட்டு அது. அதை ஏதோ வெடிக்கப்போகிற சாமான்போல் தூரப் பிடித்துக்கொண்டான்.

"இது யாருடையது?"

"என்ர" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். தலையில் பூ, நெற்றியில் திருநீறு, கையில் விளக்குமாறு. மற்றவர்களுக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னான், சிரித்தார்கள். குடும்பப் பதிவுத் தாளைப் பார்த்துவிட்டு, "நங்கி, தங்கச்சி, அண்ணாவைக் காப்பாத்த வேணாம்" என்றான். நான் ஆங்கிலத்தில் சொன்னேன், சத்தியம் பண்ணினேன், புத்தகங்களுக்குள்ளே என்ன இருக்கிறது என்று வேண்டுமானால் கேளுங்கள் என்றேன். அவன் கேட்கவே இல்லை. என் பக்கத்து வீட்டுக்காரி நம்பாததை அவனும் நம்பவில்லை, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தில் நாட்டில் எல்லாருக்கும் ஒற்றுமை.

அண்ணா கிணற்றடியிலிருந்து ஈரச் சாரத்தோடு வந்தான். ஒரு நொடி என்னைப் பார்த்தான், வரைபடத்தைப் பார்த்தான். "என்ரதுதான் சேர். தங்கச்சிக்கு ஒண்டும் தெரியாது" என்றான்.

"பொய் சொல்லாதை அண்ணா!" என்று நான் குளறினேன். அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. கையில் சந்தனம் மணத்தது. அவனுக்குச் சட்டை போடக்கூட நேரம் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டு அரிசிச் சாக்கிலேயே புத்தகங்களைப் போட்டு, அவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று முழுவதும் நானும் அம்மாவும் சண்டை பிடித்தோம். "அவன் ஆம்பிளைப் பிள்ளை, எப்பிடியும் வருவான். உன்னைக் கொண்டுபோயிருந்தா நான் என்ன செய்யிறது?" என்றா. "அவனுக்கு அந்தப் புத்தகத்தில ஒரு எழுத்துத் தெரியாது அம்மா! என்னெண்டு சமாளிப்பான்?" என்றேன். அந்த நாட்களில் கொண்டுபோனவர்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதை மட்டும் இருவரும் சொல்லவில்லை. குசினியில் பூசைக்குச் செய்த சுண்டல் அப்படியே கிடந்து புளித்தது.

அடுத்த நாள் அப்பாவும் நானும் முகாமுக்குப் போனோம். அம்மா வாசலில் குறுக்கே நின்றா. அப்பாதான், பயந்த மனிதர் என்று நான் சொன்ன அதே அப்பாதான், "வழி விடும்" என்றார். முதலில் முகாம் வாசலிலேயே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அப்பா துறைமுகத்தில் பழகிய சிங்களத்தில் கெஞ்சினார். வெயிலில் நிற்க வைத்தார்கள், நின்றோம். பின்னேரம் உள்ளே கூப்பிட்டார்கள்.

மேசையில் என்னுடைய புத்தகங்கள் குங்குமப் பொட்டோடு கிடந்தன. எங்கள் வீட்டுக்கு வந்த இளம் அதிகாரி ஒரு பக்கம் நின்றான். கதிரையில் நீல உடுப்போடு வேறொருவர், விமானப்படைக்காரர், வயது கொஞ்சம் கூடியவர். அவர் ஆங்கிலத்தில் பேசினார். "உன்னுடையது என்கிறாய். அப்படியானால் பதில் சொல்" என்று ஒரு புத்தகத்தின் வினாப் பக்கத்தைத் திறந்தார். அப்பாவைப் பின்னால் ஒரு வாங்குப் பலகையில் இருத்தினார்கள்.

காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், பூமியின் இந்தப் பாதியில் தாழமுக்கம் எந்தப் பக்கம்? இடது பக்கம் என்றேன். சரி என்றார். அமுக்கம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பறந்தால் உயரமானி என்ன காட்டும்? உண்மையான உயரத்தைவிடக் கூடக் காட்டும், நாங்கள் நினைப்பதைவிடக் கீழே இருப்போம் என்றேன். சரி. ஒரு வேகமும் ஒரு பாதையும் ஒரு காற்றும் சொல்லி, வட்டக் கணிப்பானை என் பக்கம் தள்ளினார். தட்டைத் திருப்பினேன். விடையைச் சொன்னேன். அவர் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, சரி என்றார். பக்கத்தில் நின்ற இளம் அதிகாரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் வானிலைப் புத்தகத்தை எடுத்து, பென்சில் எழுத்தில் விரலை வைத்தார். "தமிழில் என்ன எழுதியிருக்கிறாய்? இதற்கு என்ன கருத்து?"

கச்சான் என்றேன். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று, மலையின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகிறது, அதனால்தான் எங்களுக்குச் சுடுகிறது, என்று விளக்கமாகச் சொன்னேன். எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு சூடு ஏறும் என்பதையும் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடினார். "நான் இந்தத் தாளில் முதல் தடவை தவறினேன்" என்றார். "நீ பாஸ் பண்ணியிருப்பாய்."

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் ஒவ்வொரு முறை சரி என்று சொன்னபோதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணா அந்த வளவுக்குள் எங்கோ கிடக்கிறான் என்று தெரிந்துகொண்டே, நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. என் வாழ்நாளில் என்னை எதிரே இருத்தி வைத்து இந்தப் பாடத்தைக் கேட்டு, விளங்கிக்கொண்டு தலையாட்டிய ஒரே மனிதர் அவர். லண்டன் ஆசிரியரின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

"உன் அண்ணாவை விடுவார்கள்" என்றார். "புத்தகங்கள் இங்கேயே இருக்கும். நீ கொழும்புக்குப் போகாதே, இந்தப் பரீட்சையை எழுதாதே. உன் தலைக்குள் இது இருக்கிறது என்று தெரிந்தால் எங்கள் ஆட்களும் உன்னை விடமாட்டார்கள், அவர்களும் விடமாட்டார்கள். மறந்துவிடு." மிரட்டலாகச் சொல்லவில்லை. நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. ஏசியிருந்தால் நானும் மனதுக்குள் ஏசியிருப்பேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "நீ இவ்வளவு படிச்சிருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ரோட்டில் கிடந்த கல்லை எடுத்துக் கடலுக்குள் எறிய வேண்டும்போல் இருந்தது. சொந்தத் தகப்பனுக்கு இது தெரியவர இப்படி ஓர் இடத்துக்கா போக வேண்டும்!

பரீட்சை நாளன்று நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். காலம் முடிந்தது. பாஸ் பண்ணிய தாள்களும் அதோடு போயின. பயிற்சித் தாள் வரவில்லையே, ஏதாவது உதவி தேவையா, படிக்க அமைதியான நேரம் கிடைக்கிறதா, என்று லண்டன் ஆசிரியர் மின்னஞ்சல் எழுதியிருந்தார். மாமாவும் எழுதினார். உங்கட ஆக்களுக்குத் தொடங்கினதை முடிக்கிற பழக்கம் கிடையாது என்று எழுதியிருந்தார். எங்கட ஆக்களாம்! விமானத்தில் ஏறினதோடு அவர் வேறு ஆளாகிவிட்டார். இரண்டு பேருக்கும் நான் பதில் போடவில்லை. அதற்குப் பிறகு நெற் கஃபே பக்கமே போகவில்லை. இப்போது பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். கெட்டிக்கார ரீச்சர் என்கிறார்கள், வாய்தான் கொஞ்சம் கூடவாம்.

ஆனால் அண்ணா வந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நாங்கள் முகாமிலிருந்து வந்த அதே நாள், பொழுதுபடுகிற நேரம், ஸ்ராண்டில் அவனோடு நிற்கிற இன்னொரு ஓட்டோக்காரர் அவனைக் கொண்டுவந்து இறக்கினார். யாரோ கொடுத்த சட்டை போட்டிருந்தான். முகத்தில் ஒரு காயமும் இல்லை. இறங்கி நிலத்தில் காலை ஊன்றியபோதுதான் எங்களுக்கு விளங்கியது. உள்ளங்கால் இரண்டும் வீங்கி வெடித்திருந்தன. அம்மா ஒப்பாரி வைக்கத் தொடங்கினா. "சும்மா இருங்கோ, சனம் பாக்குது" என்றான். கதிரையில் இருத்தி, பேசினில் சுடுதண்ணீரும் உப்பும் விட்டுக் காலை வைத்தோம். நான் அவன் காலடியில் நிலத்தில் இருந்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை.

"உன்னட்ட என்னடி கேட்டாங்கள்?" என்றான்.

"பாடத்தில கேட்டாங்கள். எல்லாம் சொன்னன்."

"கடைசியா?"

"கச்சான் காத்து ஏன் சுடுது எண்டு."

அண்ணா தண்ணீருக்குள் காலை மெல்ல அசைத்தான். "என்னட்டையும் அதைத்தான் கேட்டாங்கள்" என்றான். "உன்ர எழுத்தைக் காட்டி. எழுதினவனுக்குத் தெரியும்தானே எண்டு. காத்து எண்டா சுடும்தானே எண்டு சொன்னன். அடிச்சாங்கள். பிறகு நீ வாளியைக் கவிட்டு வைச்சுக்கொண்டு ஏதோ சொன்னது ஞாபகம் வந்தது. மலை எண்டு சொன்னன். எந்த மலை, அந்த மலையில ஆர் இருக்கிறாங்கள் எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சாங்கள். மிச்சத்தை யோசிச்சுப் பாத்தன், வரேல்லையடி."

அம்மா ஒப்பாரியை நிறுத்தியிருந்தா. அப்பா எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார்.

"இப்ப சொல்லு" என்றான் அண்ணா. "ஏன் சுடுது?"

எனக்கு விடை தெரியும். அன்று பின்னேரம்தான் அதை ஒரு பிழையும் இல்லாமல் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"காத்து எண்டா சுடும்தானே அண்ணா" என்றேன்.